வீட்டுக்கு ஒரு பயிற்சி நோயாளி

முதியோர் இல்லத்தில் அவளுக்கு மேஜர் என்று பெயர். வைத்தவர் கடைசி அறையில் இருக்கும் கணக்கு வாத்தியார். பக்கவாதத்தில் அவருக்கு வலது கையும் வலது காலும் போயின, வாய் போகவில்லை. காலையில் நடைபாதையில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும், "எல்லாரும் ஒழுங்கா படுங்கப்பா, மேஜர் ரவுண்ட்ஸ் வருது" என்று கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுப்பார். பக்கத்து அறைக்காரர்கள் நிஜமாகவே போர்வையைச் சரி செய்துகொள்வார்கள்.

முறையாகப் பராமரிப்புப் பயிற்சி எடுத்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவள் அவள். ஆளைத் தூக்குவது, புரட்டுவது, துடைப்பது, ஊட்டுவது எதிலும் அவள் கைக்குத் தயக்கம் கிடையாது. கொஞ்சலும் கிடையாது. "தங்கம், செல்லம்" என்று நோயாளிகளைக் கூப்பிடும் சக ஊழியர்களிடம், "வயசான மனுஷனைக் குழந்தையாக்காதீங்கடி. அவருக்கு வேண்டியது செல்லம் இல்ல, சுத்தமான முதுகு" என்பாள். அவள் பார்த்த அறைகளில் யாருக்கும் படுக்கைப் புண் வந்ததில்லை. அதற்காக யாரும் அவளைப் பாராட்டியதும் இல்லை. வராத புண்ணுக்கு யார் வந்து நன்றி சொல்வார்கள்?

அவள் வேலை செய்யும் முறையில் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. வரிசை மாறக் கூடாது. முதலில் கண் திறக்க வேண்டும். பிறகு நிமிர்ந்து உட்கார வேண்டும். பிறகு செருப்பு. பிறகு வாக்கரைப் பிடித்துக்கொள்வது. அதன் பிறகுதான் எழுவது, வாஷ்பேசினுக்கு நடப்பது. கட்டிடமே தீப்பிடித்தாலும் செருப்புக்கு முன்னால் வாக்கர் வராது. "தினம் ஒரே மாதிரி செஞ்சா, அடுத்தது என்னன்னு உடம்பே தயாராயிடும். தலை மறந்தாலும் இடுப்பு மறக்காது" என்பது அவள் கட்சி. கணக்கு வாத்தியாரைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து வாக்கருக்கும் கொண்டுவந்தது இந்த வரிசைதான். பாதி நேரம் அவள் சொல்வது அவர் மூளைக்குப் போய்ச் சேராது. ஆனால் செருப்பு மாட்டியதும் இடது கை தானாக வாக்கரைத் தேடும்.

இப்படி இல்லம் முழுக்க அதட்டிவிட்டு வரும் மேஜருக்கு வீட்டில் ஒரு சிப்பாய்கூடக் கிடையாது. இருந்த ஒரே ஆள் அவள் கணவர்.

அவர் பெரிய அலுவலகக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் இயக்கியவர். பித்தளைப் பொத்தான் வைத்த சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. கோட்டு சூட்டுப் போட்டவர்களோடு நாளெல்லாம் ஒரே பெட்டிக்குள் நின்றதில், அவர்களுடைய இங்கிலீஷும் தன் மேல் ஒட்டிக்கொண்டதாக அவருக்கு எண்ணம். பிறகு லிஃப்ட் தானாக ஏறி இறங்கக் கற்றுக்கொண்டது. அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டையை மட்டும் விடவில்லை. தெருவில் யாருக்காவது இங்கிலீஷில் கடிதாசி வந்தால் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "பயப்பட ஒண்ணும் இல்ல. வழக்கமா வர்றதுதான்" என்று திருப்பிக் கொடுப்பார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். பெரும்பாலான கடிதாசிகளில் பயப்பட ஒன்றும் இருப்பதில்லை.

வீட்டில் அவருக்கு ஒரு நாற்காலி, ஒரு டிவி. சாப்பிட்ட தட்டு சாப்பிட்ட இடத்திலேயே இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தட்டை அவர் கை வைத்துத் தூக்கி மேஜர் பார்த்ததில்லை.

இந்த நிலையில்தான் இல்லத்துக்குப் புது மேனேஜர் வந்தார். அறைக்கு அறை கேமரா வந்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அங்கிருந்தே அப்பா அம்மாவைப் பார்க்கலாம். பார்த்தார்கள். பார்த்துவிட்டு, ஊழியர்கள் இங்கிலீஷில் பேசினால் இன்னும் தரமாக இருக்குமே என்று யாரோ ஒரு மகன் சொல்லிவிட்டார். மேனேஜருக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. அறைப் பணியில் இருக்கும் எல்லாரும் அன்றாட இங்கிலீஷ் படித்து, வெளியிலிருந்து வரும் தேர்வாளரிடம் தேறிக் காட்ட வேண்டும். தேறாதவர்கள் சலவைப் பகுதிக்குப் போக வேண்டும்.

"இங்கிலீஷ்ல சொன்னா என் வலது கால் எந்திரிச்சிக்குமா மேஜர்?" என்றார் கணக்கு வாத்தியார்.

"கேமராவுக்காக சார். உங்க காலுக்காக இல்ல."

"அப்ப கேமராவை நடக்க வையேன்."

மேஜர் சிரிக்கவில்லை. சலவைப் பகுதி என்ற சொல்லுக்குத்தான் அவள் பயந்தாள். அழுக்குத் துணிக்கு அவள் பயந்தவள் இல்லை. அதைவிட மோசமானதையெல்லாம் வெறுங்கையால் வாரியவள். சலவைப் பகுதிக்குத் தலைவி அவளுடைய நாத்தனார். கணவரின் ஒரே தங்கை. இத்தனை வருஷத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தடித்த வார்த்தை வந்ததில்லை. அவ்வளவு கவனமாகச் சண்டை போட்டார்கள்.

செய்தி கேட்ட அன்றே நாத்தனார் வார்டுக்கு வந்துவிட்டாள், கை நிறைய வெளுத்த விரிப்போடு.

"அண்ணி, நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க. பாஸானா சந்தோஷம். ஆகலைன்னா நான் இருக்கேன். ஈரத் துணி பிழியற மேடை பக்கமா உங்களுக்கு நல்ல இடம் பார்த்து வச்சிருக்கேன். ஜன்னல் ஓரம்."

"உனக்குத்தான் எவ்வளவு பெரிய மனசும்மா."

"நம்ம குடும்பத்து ஆளுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்? என்ன, அங்க என்னை மேடம்னு கூப்பிடணும். அது வேலை முறை, தப்பா எடுத்துக்காதீங்க."

அன்று மாலையே மேஜர் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

சொல்லிக்கொடுக்க வந்த டீச்சர் சின்னப் பெண். சுவரில் ஒரு பெரிய அட்டை மாட்டினாள். நடுவில் 'கெட்' என்று ஒரே ஒரு சொல். அதைச் சுற்றி வால் மாதிரி சின்னச் சின்னச் சொற்கள். கெட் அப் என்றால் எழுவது. கெட் இன் என்றால் ஏறுவது. கெட் ஆஃப் என்றால் இறங்குவது. கெட் ஓவர் என்றால் நோயிலிருந்து தேறுவது. கெட் அலாங் என்றால் ஒருவரோடு ஒத்துப்போவது.

"முதல் வார்த்தையைப் பார்த்து ஏமாறக் கூடாது ஆன்ட்டி. பின்னாடி வர்ற குட்டி வார்த்தைதான் எல்லாத்தையும் முடிவு பண்ணும்" என்றாள் டீச்சர்.

மேஜருக்கு அது உடனே பிடிபட்டது. இல்லத்தில் எல்லாருக்கும் ஒரே நீலச் சீருடைதான். யார் ஊட்டுகிறவள், யார் கழுவுகிறவள் என்று கையில் இருக்கும் சாமானைப் பார்த்துத்தான் தெரியும். இதுவும் அப்படித்தான். ஆனால் பிடிபட்டது வேறு, வாயில் வருவது வேறு. வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சொல்லிப் பார்த்தால்தான் நிற்கும்.

அடுத்த நாள் சாப்பாட்டுக்குப் பிறகு சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். "வேக் அப். சிட் அப். கெட் அப்."

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரைச் சொல்ற?" என்றார் கணவர்.

"சுவரைத்தான். உங்களுக்குப் புரிஞ்சாத்தானே உங்களைச் சொல்றதுக்கு."

அவள் அதை ஒரு திட்டத்தோடு சொல்லவில்லை. அலுப்பில் வந்த சொல். ஆனால் அவர் டிவியை அணைத்தார்.

"எனக்கா புரியாது? இந்தா, எத்தனை வருஷம் அந்த லிஃப்ட்ல நின்னிருக்கேன் தெரியுமா? அப்பும் டவுனும் தெரிஞ்சா பாதி இங்கிலீஷ் முடிஞ்சுது. சொல்லிப் பாரு."

"கெட் அப்."

எழுந்தார்.

"சிட் டவுன்."

உட்கார்ந்தார். "இவ்வளவுதானா?" என்று காலை ஆட்டினார்.

மேஜர் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு, "பிக் அப் யுவர் பிளேட்" என்றாள்.

அப் என்று காதில் விழுந்ததால் எழுந்து நின்றார். அதற்கு மேல் என்ன என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் முடியாது. அவள் கண் மேஜை மேல் இருந்த தட்டுக்குப் போனது. அவர் கண்ணும் போனது. மெதுவாகக் குனிந்து தட்டைக் கையில் எடுத்தார்.

"டேக் இட் அவே." அவள் கண் சமையலறைப் பக்கம் போனது.

தட்டு சமையலறைக்குப் போனது.

மேஜர் அசையாமல் நின்றாள். சிரிக்கவில்லை, பாராட்டவில்லை. முதல் தடவை காலைத் தரையில் ஊன்றும் நோயாளியிடம் அப்படித்தான் இருக்க வேண்டும். கைதட்டினால் பயந்து உட்கார்ந்துவிடுவார்கள். தினமும் நடக்கிற விஷயம்தானே என்கிற முகத்தோடு அடுத்த வேலையைச் சொல்லிவிட வேண்டும்.

"வாஷ் அப்" என்றாள், குழாயைப் பார்த்து.

அன்றிலிருந்து தினமும் சாப்பாடு ஆனதும் வகுப்பு நடந்தது. முதலில் இல்லத்து வரிசை. அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். வேக் அப், கண் திறப்பார். சிட் அப், நிமிருவார். புட் ஆன் யுவர் ஸ்லிப்பர்ஸ், செருப்பு. ஹோல்ட் ஆன், வாக்கருக்குப் பதில் மேஜை விளிம்பைப் பிடிப்பார். கெட் அப், எழுவார். வாஷ்பேசினுக்குப் போய் முகம் கழுவுவார். அது முடிந்தால் வீட்டு வரிசை. பாத்திரத்தை எடுப்பது, கொண்டுபோய்க் கழுவுவது, மேஜையைத் துடைப்பது, காய்ந்த துணியை மடிப்பது. எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக, "லை டவுன்." இந்த ஒன்றுக்கு மட்டும் மேஜர் கண்ணைக் காட்ட வேண்டிய தேவையே வந்ததில்லை. முதல் நாளே சரியாகப் பிடித்துக்கொண்டார்.

அவருக்குப் புரிகிறதா இல்லையா என்று அவள் விசாரிக்கப் போகவில்லை. தட்டு உள்ளே போனது. அது போதும். கால் நீட்டி உட்கார்ந்து இங்கிலீஷ் சொல்லிக்கொண்டே வீட்டு வேலை முடிவதைப் பார்ப்பது ஒரு படிப்பு என்றால், இத்தனை நாள் படிக்காமல் போனோமே என்றுதான் அவளுக்கு இருந்தது.

ஒரு நாள் மாலை நாத்தனார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அவள் அண்ணன், பித்தளைப் பொத்தான் சட்டையோடு, தலையணை உறையை மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா! என்ன கோலம் இது?"

"இங்கிலீஷ் பிராக்டிஸ்" என்றார் அவர், மடிப்பைச் சரி பார்த்தபடி.

"துணி மடிக்கிறது எந்த ஊர் இங்கிலீஷ்?"

"உனக்குச் சொன்னாப் புரியாது. ஃபோல்ட் அப்னு ஒரு பிரயோகம்."

நாத்தனார் வாயடைத்து உட்கார்ந்தாள். ஆனால் கண் அடையவில்லை. தும்மல் வந்து, அடுத்ததைச் சொல்லாமல் மேஜர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில், அண்ணன் அடுத்த உறையைத் தானாக எடுத்து மடித்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"பரவாயில்லையே அண்ணி. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே அண்ணாவுக்குப் புரிஞ்சிடுதே" என்றாள், டீயை ஊதிக்கொண்டே. "பரீட்சைக்கு வீட்ல இருந்து ஒரு ஆளைப் பேஷன்டா கூட்டிட்டு வரணுமாமே. வயசான ஆளா. மேனேஜர் சொன்னாரு. அண்ணாவை விட்டா உங்களுக்கு வேற யாரு?"

அது மேஜருக்குப் புதுச் செய்தி. இல்லத்து நோயாளிகளைப் பரீட்சைக்குப் படுக்க வைக்கக் கூடாது என்று விதியாம். மடித்த உறையை அடுக்கில் வைத்துவிட்டு அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"இங்கிலீஷ் தெரிஞ்ச பேஷன்ட் வேணும்னா நான்தானே வரணும். வர்றேன். அதுக்கு என்ன?"

அன்று இரவு சாப்பாடு ஆனதும் மேஜர் ஒரு சோதனை செய்து பார்த்தாள். வேக் அப் சொல்லாமல் நேராக, "லை டவுன்" என்றாள். அவர் கண்ணைத் திறந்தார். "டர்ன் ஓவர்" என்றாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கம் பேக்" என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, நல்லாப் போகுதா என்பது போல் அவளைப் பார்த்தார்.

அவர் ஒரு சொல்லையும் கற்றுக்கொள்ளவில்லை. வரிசையைக் கற்றுக்கொண்டிருந்தார். தவறு யாருடையது என்று அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நோயாளியைப் பழக்குவது போலத்தான் அவரையும் பழக்கியிருந்தாள். பழகிவிட்டார்.

வேறு ஆளைக் கூட்டிப்போகலாம் என்றால் தெருக்கோடி வரை செய்தி போய்விட்டது. பரீட்சை எழுதப்போவது தான்தான் என்கிற மாதிரி அவர் சட்டைக்குக் கஞ்சி போடச் சொன்னார். "நீங்க வேண்டாம்" என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். லிஃப்ட் போனதிலேயே பாதி ஆளாகிவிட்டவரிடம் மிச்சப் பாதியையும் கேட்டு வாங்குவானேன் என்று அவள் விட்டுவிட்டாள். எஞ்சியிருந்த நாட்களில் வரிசையைக் கலைத்துச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். கணக்கு வாத்தியாருக்கு வரிசையைக் கலைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ அதேதான் ஆனது. அவர் குழம்பிப்போய்க் கோபப்பட்டார். "நீ ஒழுங்காச் சொல்லு, நான் ஒழுங்காச் செய்றேன்" என்றார். அவள் பழைய வரிசைக்கே திரும்பினாள்.

"காலை வேலையைத்தான் கேட்பாங்களா டீச்சர்?" என்று டீச்சரிடம் கேட்டாள்.

"போன இடத்துல எல்லாம் காலை வேலைதான் கேட்டாங்களாம் ஆன்ட்டி. படுக்கையில இருந்து எழுப்பறது."

அந்த ஒரு நம்பிக்கையில்தான் மேஜர் பரீட்சைக்குப் போனாள்.

பரீட்சை நாளில் இல்லத்து நடைபாதை வேடிக்கையாக இருந்தது. மாமியார்களும் மாமனார்களும் நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்து, நோயாளி முகத்தோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மாமியார், நிஜமாகவே முட்டி வலிக்காரி, தனக்கு இத்தனை நாள் கிடைக்காத கவனிப்பு இன்று இங்கிலீஷில் கிடைக்கப் போவதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மேஜரின் கணவர் மட்டும் பித்தளைப் பொத்தான் மின்ன, யாரோடும் பேசாமல் இருந்தார். தேர்வு அறைக்கு விரிப்புகள் கொண்டுவந்த நாத்தனார், கொடுத்துவிட்டுப் போகாமல் கதவோரமாக நின்றுகொண்டாள்.

தேர்வாளர் கழுத்துப்பட்டை கட்டிய ஒல்லி மனிதர். முன்னால் ஒரு மேஜை, மேஜை மேல் பாதி குடித்த டீ, மதிப்பெண் தாள்கள். அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு வாக்கர், மூலையில் வாஷ்பேசின். மேஜரின் கணவரை அவர் நாற்காலியில் உட்காரச் சொல்லி, அவளைப் பார்த்து நிதானமாக இங்கிலீஷில் சொன்னார். இரவு நேரம். நோயாளி நாற்காலியில் இருக்கிறார். அவரைக் கட்டிலுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள்.

காலை வேலை இல்லை. இரவு வேலை. ஜன்னலோர மேடை மேஜரின் கண் முன்னால் வந்து நின்றது. கதவோரத்தில் நாத்தனார் விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

கணவர் அதற்குள் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

இனி என்ன சொன்னாலும் அவர் முதலில் கண்ணைத்தான் திறப்பார். அப்படியிருக்க, சொல்ல வேண்டியதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். பல் செட்டைப் பிடுங்கி எறியும் நோயாளி, ராத்திரியை விடியல் என்று நினைத்துக்கொள்ளும் நோயாளி, எல்லாரையும் பார்த்தவள் மேஜர். கட்டி இழுக்க முடியாத ஆள் போகிற பக்கம் கூடவே போய், விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் பராமரிப்பு.

"வேக் அப் சார்" என்றாள். தேர்வாளரைத் திரும்பிப் பார்த்து, "ஹி டோஸ்ட் ஆஃப்" என்றும் சேர்த்தாள். டிவி முன்னால் தூங்கி விழும் ஆளைப் பற்றிச் சொல்ல வகுப்பில் கேட்டு வாங்கிக்கொண்டது.

தேர்வாளர் தலையசைத்தார். கணவர் கண்ணைத் திறந்தார். நிமிர்ந்தார்; அவர் முதுகு நாற்காலியை விட்டு எழும்போதே, "சிட் அப்" என்றாள். கை செருப்புக்குப் போனது; "புட் ஆன் யுவர் ஸ்லிப்பர்ஸ்." வாக்கருக்குப் போனது, "ஹோல்ட் ஆன்." எழுந்தார்; "கெட் அப், ஸ்லோலி." எது முன்னால், எது பின்னால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கட்டில் இடது பக்கம் இருந்தது. அவர் வலது பக்கம் திரும்பி வாஷ்பேசினுக்கு நடந்தார்.

தேர்வாளரின் பேனா நின்றது.

"ஹி வான்ட்ஸ் டு ஃப்ரெஷன் அப், சார். பிஃபோர் பெட்" என்றாள் மேஜர், தினமும் நடப்பதுதான் என்கிற முகத்தோடு.

பேனா மறுபடி நகர்ந்தது. முகம் கழுவித் துடைத்தாயிற்று. இல்லத்து வரிசை முடிந்தது. அடுத்தது வீட்டு வரிசை என்பது மேஜருக்கு அப்போதுதான் உறைத்தது. அவளால் ஒன்றும் செய்ய முடிவதற்குள் அவர் தேர்வாளரின் மேஜைக்குப் போய், பாதி டீயோடு கோப்பையைக் கையில் எடுத்துவிட்டார்.

"பிக் அப் த கப்" என்றாள் மேஜர். வேறு வழி இல்லை.

தேர்வாளர் கையை நீட்டினார். கோப்பை போய்விட்டிருந்தது.

"டேக் இட் அவே. வாஷ் இட் அவுட்."

வாஷ்பேசினில் கோப்பை கழுவப்பட்டது. கைத்துண்டோடு திரும்பி வந்தவர் மதிப்பெண் தாள்களை மரியாதையாக ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேஜையைத் துடைத்தார்.

"வைப் டவுன் த டேபிள்" என்றாள் மேஜர்.

"வொண்டர்ஃபுல்" என்றார் தேர்வாளர். நோயாளிக்குப் பதிலாக எல்லாவற்றையும் தானே செய்துவிடும் ஊழியர்களைத்தான் அவர் போகிற இடமெல்லாம் பார்த்திருந்தாராம். தன் வேலையைத் தானே செய்யப் பழக்கப்பட்ட நோயாளியை இப்போதுதான் பார்க்கிறாராம். இதை அவர் இங்கிலீஷில் சொல்ல, சுவரோரம் நின்றிருந்த டீச்சர் மூச்சு வாங்க மொழிபெயர்த்தாள். பிறகு அவர் கட்டிலைக் காட்டினார். இனிப் படுக்கை.

ஆனால் படுக்கைக்கு முன்னால் துணி மடிக்க வேண்டும். கணவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். துணி இருந்த ஒரே இடம் அவர் தங்கையின் கை. நேராகக் கதவோரம் போய் அவள் முன்னால் நின்றார்.

அண்ணன் முகத்தைத் தங்கை பார்த்தாள். அந்த முகத்தில் இங்கிலீஷ் ஒன்றும் இல்லை என்பது அவளுக்கு இவ்வளவு கிட்டத்தில் பார்த்தபோது சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஒரு வார்த்தை போதும். 'அண்ணாவுக்கு ஒண்ணுமே புரியல சார், பழக்கத்துல செய்றாரு' என்று சொன்னால் அண்ணி நாளைக்கே ஜன்னலோர மேடைக்கு வந்துவிடுவாள். ஆனால் அதே வார்த்தை தெருவுக்கும் போய்ச் சேரும். எங்க அண்ணன் இங்கிலீஷ்ல புலி என்று சலவைப் பகுதி முழுக்க இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் வேறு யார்?

"இந்தாங்க அண்ணா" என்று விரிப்பை நீட்டினாள்.

"ஃபோல்ட் இட் அப்" என்றாள் மேஜர், நாத்தனாரைப் பார்த்துக்கொண்டே.

மடித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மூலை பிசகாமல் மடித்தார். சலவைத் தலைவியே குறை சொல்ல முடியாத மடிப்பு. அதைக் கட்டில் தலைமாட்டில் வைத்துவிட்டு நின்றார். இந்த ஒரு இடத்தில்தான் மேஜர் சொல்லும் வரை அவர் காத்திருந்தார். அல்லது களைத்துப்போயிருந்தார்.

"லை டவுன்."

படுத்தார். தேர்வாளர் கூட்டிக் கழித்து மதிப்பெண் போட்டு முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.

மேஜர் தேறினாள். எல்லாரையும்விட அதிகமாகவே தேறினாள். கடைசி அறை அவளுக்கே நிலைத்தது. மறுநாள் காலை கேமரா பார்க்க, "கெட் அப் சார்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வாக்கரைப் பிடிச்சாச்சா? எந்திரிங்க" என்றாள். கணக்கு வாத்தியார் எழுந்தார்.

"என்ன மேஜர், புருஷனைப் பரீட்சை எழுத வச்சிட்டு நீ பாஸாயிட்டியாமே?"

"அவரும் பாஸ்தான் சார்."

அதுதான் வினையாகப் போயிற்று. அடுத்த அணிக்குப் பயிற்சி கொடுக்க ஒரு நல்ல நோயாளி வேண்டும் என்று தேர்வாளர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மேனேஜர் வீட்டுக்கே ஆள் அனுப்பினார். தினமும் காலையில் கஞ்சி போட்ட சட்டையோடு கணவரும் இல்லத்துக்குக் கிளம்பினார். பதவி, பயிற்சி நோயாளி. புதிதாகச் சேர்ந்த பெண்கள் அவரை எழுப்பினார்கள், உட்கார வைத்தார்கள், மேஜை துடைக்க வைத்தார்கள். யார் என்ன உளறினாலும் சரியான வரிசையில் செய்யும் நோயாளி என்று அவருக்கு நல்ல பெயர். "நாங்க தப்பாச் சொன்னாக்கூட அங்கிள் கரெக்டாப் புரிஞ்சுக்கறாரு" என்று டீச்சரிடம் சொன்னார்கள். துணி மடிக்கும் பாடத்துக்கு விரிப்பு அனுப்பும் பொறுப்பை நாத்தனார் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சம்பளத்தோடு வந்த முதல் நாள் இரவு அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, டிவியைப் போட்டார். தட்டு மேஜை மேல் இருந்தது.

"பிக் அப் யுவர் பிளேட்" என்றாள் மேஜர்.

"இந்தா, காலையில இருந்து அதைத்தான் கேட்டுட்டு வர்றேன். டியூட்டி முடிஞ்சு வந்த மனுஷனுக்கு வீட்லயும் இங்கிலீஷா?"

மேஜர் வாதாடவில்லை. நேற்று நடந்த நோயாளி இன்று நடக்கமாட்டேன் என்றால் கெஞ்சக் கூடாது, திட்டவும் கூடாது. தூக்கிக்கொண்டு போவது மட்டும் கூடவே கூடாது. தண்ணீர்ச் செம்பைக் கை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

காலையில் தட்டு அங்கேயே இருந்தது. எறும்பு வந்திருந்தது. அவர் குளித்து, சட்டை மாட்டி, பொத்தான்களைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தார்.

"பசிக்குது. சாப்பாடு ஆகலையா?"

"எப்பவோ ஆயிடுச்சு" என்றாள் மேஜர், தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துக்கொண்டே. "போட்டுக்க உங்க தட்டுதான் இல்ல."

அவர் மேஜையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் கண் எங்கேயும் போகவில்லை. தன் தட்டைப் பார்த்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம்.

"எறும்பையும் சேர்த்துக் கழுவுங்க" என்றாள் மேஜர்.